பள்ளி நலச் சர்வே: பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதும் பெற்றோர் கேட்க வேண்டியதும்

இரண்டே வரியில் ஒரு சுற்றறிக்கை வருகிறது. “மாணவர்களின் உடல்நலம், மனநலம் குறித்த சர்வே அடுத்த வாரம் நடைபெறும். பெற்றோர் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.” கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேள்விகள் வரிசைகட்டுகின்றன. எதற்காக இந்த சர்வே? பிள்ளை பெயர் எழுத வேண்டுமா? வீட்டு விஷயமெல்லாம் கேட்பார்களா? என் மகளுக்கு ஏதோ பிரச்சினை என்று பள்ளி நினைக்கிறதா? குழுவில் யாருக்கும் சரியான பதில் தெரியாது. ஆனால் பதில் சொல்ல மட்டும் ஆள் குறைவில்லை.

சர்வேயே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அது தேவை. பெற்றோருக்குத் தகவல் சொல்வதைச் சம்பிரதாயமாக முடித்துக்கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது. எத்தனை பிள்ளைகள் பங்கேற்பார்கள், பங்கேற்பவர்கள் எவ்வளவு உண்மையாக எழுதுவார்கள் என்பதெல்லாம் வீட்டுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்தது. அதிலும் ஒரு விஷயத்தை எந்தச் சுற்றறிக்கையும் மழுப்பக் கூடாது. ஒரு கடினமான கேள்விக்குப் பிள்ளை ‘ஆம்’ என்று பதில் எழுதினால், அடுத்து என்ன நடக்கும்? நான் பார்த்தவரை பெரும்பாலான அறிவிப்புகளில் இதற்குத்தான் பதில் இருப்பதில்லை.

கேட்பது யார், கேட்பது என்ன

பள்ளிப் பிள்ளைகளிடம் நேரடியாக நலம் விசாரிக்கும் பெரிய சர்வேக்களுக்கு நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1982இல் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு சர்வேயைத் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகமும் கைகோக்க, இன்றுவரை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அது நடக்கிறது. 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் உணவு, உறக்கம், நண்பர்கள், பள்ளி, மனநிலை எல்லாவற்றையும் பற்றிக் கேட்கிறார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991இலிருந்து 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் இப்படி ஒரு சர்வே நடத்துகிறது. அதே மையமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இன்னொரு சர்வே 2003 முதல் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் நடந்திருக்கிறது. இந்தியாவில் 2007இலும், இலங்கையில் 2008, 2016 ஆண்டுகளிலும் நடந்தது. 2022இன் தொடக்க மாதங்களில் இந்தியாவில் பள்ளிப் பாடநூல்கள் தயாரிக்கும் தேசிய அமைப்பான என்சிஇஆர்டி, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை சுமார் 3.79 லட்சம் மாணவர்களிடம் மனநலம் குறித்துக் கேட்டது.

இவையெல்லாம் அரசுகளும் பெரிய நிறுவனங்களும் நடத்துபவை. கேள்விகளும் நடைமுறையும் பல முறை சோதிக்கப்பட்டவை. வீட்டுக்கு வரும் சுற்றறிக்கை எப்போதும் இவற்றைப் பற்றியதாக இருக்காது. பள்ளி தானே தயாரித்த கேள்வித்தாளாக இருக்கலாம். ஒரு பல்கலைக்கழக மாணவரின் ஆய்வாக இருக்கலாம். ‘மாணவர் நலச் செயலி’ விற்கும் கம்பெனி ஒன்று இலவசமாகச் செய்து தருவதாகவும் இருக்கலாம். மூன்றும் ஒன்றல்ல. கடைசி வகையில், திரட்டிய தரவு அந்தக் கம்பெனியிடம் எவ்வளவு காலம் இருக்கும், வேறு எதற்குப் பயன்படும் என்பதைப் பெற்றோர் கேட்டே ஆக வேண்டும். இலவசம் என்று வருவதன் விலையைப் பிள்ளைகளின் தரவு மூலம் வசூலிக்கும் ஏற்பாடு உலகத்தில் புதிதில்லை. ஆக, அறிவிப்பின் முதல் வரியிலேயே நடத்துபவர் யார், செலவு செய்பவர் யார் என்பது இருக்க வேண்டும்.

சரி, என்னதான் கேட்கிறார்கள்? பரவலாகப் பயன்படும் ஒன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரால் 1998இலிருந்து புழங்கும் ஐந்து வரி நலக் குறியீடு அது. கடந்த இரண்டு வாரங்களில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன், அமைதியாக இருந்தேன், சுறுசுறுப்பாக இருந்தேன், எழுந்திருக்கும்போது புத்துணர்வோடு இருந்தேன், என் அன்றாட வாழ்வில் எனக்கு ஆர்வமூட்டும் விஷயங்கள் நிறைந்திருந்தன. சாராம்சம் இவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் ‘எல்லா நேரமும்’ என்பதற்கு 5, ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 0. கூட்டுத்தொகை அதிகபட்சம் 25. அதை நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று வந்துவிடும். 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேற்கொண்டு விசாரிப்பது நல்லது என்பது வழக்கம். அது நோயின் பெயர் ஆகாது. தேர்வு வாரத்தில் கேட்டால் பாதி வகுப்பு கீழே இறங்கியிருக்கும். அதனால்தான் எந்த வாரத்தில் சர்வே நடத்துகிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம்.

இதைவிட நீளமானவையும் உண்டு. 1997இல் வெளியான, 25 வாசகங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாள் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அதே வாசகங்களைப் பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் வடிவங்களும் அதற்கு உண்டு. ஒரே பிள்ளையைப் பற்றி மூன்று பேர் தரும் பதில்கள் பல நேரம் ஒத்துப்போவதில்லை. வீட்டில் கலகலப்பாக இருக்கும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கலாம். வெளியே தெரிகிற சண்டை, அடம், துறுதுறுப்பைப் பெரியவர்கள் சுலபமாகக் கண்டுகொள்வார்கள். உள்ளே இருக்கும் பயத்தையும் வருத்தத்தையும் பிள்ளையிடம் கேட்டால்தான் தெரியும்.

பிள்ளைகளை நேரில் கேட்பதற்கு இதுதான் காரணம். மருத்துவமனைப் பதிவேட்டில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். பள்ளி ஆலோசகரின் நோட்டில் அவர் அறைக்கதவைத் தட்டியவர்கள் மட்டும்தான். தட்டாதவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்ல சர்வேயை விட்டால் வழியில்லை. அமெரிக்க சர்வேயில் ஒரு கேள்வி உண்டு: கடந்த 12 மாதங்களில், தொடர்ந்து இரண்டு வாரமோ அதற்கு மேலோ, வழக்கமான வேலைகளைக்கூட விட்டுவிடும் அளவுக்குச் சோகமாகவோ நம்பிக்கையற்றோ உணர்ந்தது உண்டா? 2021இல் 42 சதவீத மாணவர்கள் உண்டு என்றார்கள். மாணவிகளில் மட்டும் அது 57 சதவீதம், மாணவர்களில் 29. அந்த இடைவெளியை எந்த ஆசிரியரும் வகுப்பின் முன்னே நின்று பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. என்சிஇஆர்டியின் சர்வேயிலும் பதற்றத்துக்குக் காரணம் படிப்பும் தேர்வும் தேர்வு முடிவுகளும் என்றவர்கள் 81 சதவீதம். எதிர்பார்த்த பதில்தான். ஆனாலும் எதிர்பார்ப்பதை வைத்துக்கொண்டு நேரஅட்டவணையை மாற்றச் சொல்ல முடியாது. எண்ணிக்கையை வைத்துக்கொண்டு கேட்கலாம்.

கணக்கெடுப்பா, பரிசோதனையா

பெற்றோர் பெரும்பாலும் குழம்பும் இடம் இது. பள்ளிகளும் இந்த இடத்தில்தான் மழுப்புகின்றன. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கேள்வித்தாளை இரண்டு வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தலாம்.

ஒன்று, கணக்கெடுப்பு. இதில் பெயர் இருக்காது. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை சதவீதம் பேர் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறார்கள், எத்தனை பேர் கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளானதாகச் சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் கிடைக்கும். உங்கள் பிள்ளை தனியாக என்ன எழுதினான் என்பது யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

இன்னொன்று, பரிசோதனை. இதில் பெயரோ எண்ணோ இருக்கும். யாருக்கு உதவி தேவைப்படலாம் என்று கண்டுபிடிப்பதே நோக்கம். மதிப்பெண் ஒரு எல்லையைத் தாண்டினால் ஆலோசகர் அந்தப் பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசுவார், பெற்றோரைக் கூப்பிடுவார், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவார்.

இந்த வேறுபாட்டின் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெயரில்லாத தாளில் ஒரு பிள்ளை, எனக்கு வாழவே பிடிக்கவில்லை என்ற கட்டத்தில் டிக் செய்கிறது. அந்தத் தாள் இருநூறு தாள்களோடு ஓர் உறைக்குள் போகிறது. மூன்று வாரம் கழித்து யாரோ அதைக் கணினியில் ஏற்றுகிறார்கள். ஒரு சதவீதம் கூடுகிறது. யாரும் வரமாட்டார்கள். பிள்ளையோ, சொல்லிவிட்டோம், யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்கலாம். பெற்றோரோ, பள்ளியில் மனநல சர்வே எடுத்தார்கள், ஏதாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பார்களே என்று நிம்மதியாக இருந்துவிடலாம். இரண்டு எதிர்பார்ப்பும் தவறு. அறிவிப்பில் அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் வந்த தவறு.

எனவே, கணக்கெடுப்பு என்றால் அதைப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட வேண்டும்: இதில் பெயர் இல்லை, ஆகவே உங்கள் பிள்ளை என்ன எழுதினாலும் அதைப் பார்த்து யாரும் உங்களை அழைக்க மாட்டார்கள், பிள்ளைக்கு உதவி தேவை என்று தோன்றினால் அணுக வேண்டியவர் இன்னார், இந்த எண்ணில். பரிசோதனை என்றால் அதையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். யார் பார்ப்பார்கள், எத்தனை நாளுக்குள் பார்ப்பார்கள், எப்போது பெற்றோருக்குச் சொல்வார்கள், அதன் குறிப்பு பள்ளிப் பதிவேட்டில் ஏறுமா? பெயரும் வாங்கிக்கொண்டு, பார்த்து நடவடிக்கை எடுக்க ஆளும் இல்லாமல் பள்ளி பரிசோதனை நடத்துவது இரண்டையும் விட மோசம். ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பது எழுத்தில் இருந்தும் யாரும் படிக்கவில்லை என்றால், நாளை அதற்கு யார் பொறுப்பு?

கேள்வித்தாளின் கடைசியில் வரும் ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்ற காலிப் பெட்டியும் இந்தச் சிக்கலைச் சேர்ந்ததுதான். கட்டங்களில் டிக் செய்து சலித்த பிள்ளை அங்கேதான் மனம் திறக்கும். யார் அடிக்கிறார்கள், யார் தொடுகிறார்கள் என்பதுகூட அந்தப் பெட்டியில் வரலாம். பல நாடுகளின் சட்டப்படி, ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தால் அதைத் தெரிவிப்பது பள்ளியின் கடமை. பெயரில்லாத தாளில் வந்தால் என்ன செய்வது? அந்தப் பெட்டியை வைப்பதென்றால் தாள்களை அன்றே படிக்க ஒருவர் வேண்டும். முடியாது என்றால் பெட்டியை எடுத்துவிடலாம்.

பெயர் இல்லை என்றால் அடையாளமும் இல்லையா?

‘பெயர் கேட்க மாட்டோம்’ என்பதும் ‘யார் எழுதியது என்று தெரியாது’ என்பதும் வேறு வேறு. மூன்றாவதாக ஒன்றும் உண்டு: யார் எழுதியது என்று தெரியும், ஆனால் வெளியே சொல்ல மாட்டோம் என்பது. இது இரகசியம் காப்பது, அடையாளமின்மை அல்ல. சுற்றறிக்கைகளில் மூன்றும் ஒரே வாக்கியத்தில் குழைந்து கிடக்கும்.

ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் 32 பேர் என்று வைத்துக்கொள்வோம். தாளில் பெயர் இல்லை. ஆனால் வகுப்பு, பிரிவு, பாலினம், பிறந்த மாதம், வீட்டில் பேசும் மொழி, உடன்பிறந்தோர் எண்ணிக்கை கேட்கப்படுகின்றன. மார்ச்சில் பிறந்த, இரண்டு அண்ணன்கள் உள்ள மாணவி அந்த வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? பெரும்பாலும் ஒருவர். வகுப்பாசிரியருக்குத் தாளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். அதனால்தான் முறையாக நடக்கும் சர்வேக்களில், ஒரு குழுவில் ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால் அந்தக் குழுவின் முடிவைத் தனியே வெளியிடுவதில்லை. உங்கள் பள்ளி எந்த எண்ணிக்கைக்குக் கீழே வெளியிடாது என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு எண் பதிலாக வந்தால் யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆன்லைனில் என்றால் இன்னொரு பிரச்சினை. பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரியில் உள்நுழைந்து படிவத்தை நிரப்பினால், ‘பெயர் கேட்கவில்லை’ என்றாலும் யார் நிரப்பினார்கள் என்பது பின்னால் பதிவாக வாய்ப்பு உண்டு. படிவத்தில் அதற்கென்று ஒரு அமைப்பு இருக்கும். தயாரித்தவர் அதை அணைத்துவைத்தாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், வகுப்பறை. தோளோடு தோள் உரச மூன்று பேர் உட்காரும் பெஞ்சில், போதைப்பொருள் பற்றிய கேள்விக்கு யார் உண்மையான கட்டத்தில் டிக் செய்வார்? ஆசிரியர் மேற்பார்வை என்ற பெயரில் இடைவெளிகளில் நடந்து தாள்களை எட்டிப்பார்த்தால் அதோடு முடிந்தது கதை. நல்ல சர்வேக்களில் இதற்கென்று நடைமுறை உண்டு. தள்ளித் தள்ளி உட்கார வைப்பார்கள், ஆசிரியர் தம் மேசையிலேயே இருப்பார், முடித்தவர்கள் தாளைத் தாங்களே உறையில் போட்டு ஒட்டுவார்கள். விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

விளையாட்டுக்கு எழுதுபவர்களும் இருப்பார்கள். எல்லா போதைப்பொருளும் பயன்படுத்தியிருக்கிறேன், வாரத்துக்கு ஏழு சண்டை போடுகிறேன் என்று எழுதித் தோழனைப் பார்த்துச் சிரிக்கும் வயது அது. 1995 முதல் ஐரோப்பிய நாடுகளில் 15, 16 வயது மாணவர்களிடையே நடக்கும் மது, போதைப்பழக்க சர்வே இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி வைத்திருக்கிறது. போதைப்பொருள் பட்டியலில் ‘ரெலெவின்’ என்று ஒரு பெயரையும் சேர்த்திருப்பார்கள். அப்படி ஒரு பொருளே உலகத்தில் கிடையாது. பயன்படுத்தியதாக எழுதுபவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், வகுப்பில் எவ்வளவு பேர் கதை விடுகிறார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கையெழுத்து கேட்பதா, மறுப்பை மட்டும் கேட்பதா

பெற்றோரின் சம்மதத்தை இரண்டு விதமாக வாங்குகிறார்கள். கையெழுத்திட்ட படிவம் திரும்பி வந்தால்தான் பிள்ளை பங்கேற்கலாம் என்பது ஒரு முறை. வேண்டாம் என்று எழுதித் தராத எல்லாருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மற்றொரு முறை.

முதல் முறைதான் நியாயம் என்று உடனே தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. படிவம் திரும்பாததற்குக் காரணம் எதிர்ப்பாக இருப்பது குறைவு. காகிதம் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடப்பதுதான் அதிகம். எந்த வீடுகளில் அது கசங்கும்? இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவில் வரும் தாய், பள்ளிக் கடிதத்தின் மொழி படிக்கத் தெரியாத குடும்பம், பெரியவர்களுக்குள் ஓயாத சண்டை நடக்கும் வீடு. இந்த வீட்டுப் பிள்ளைகளின் நிலைமையைத் தெரிந்துகொள்ளத்தான் சர்வேயே. அவர்கள் விடுபட்டுப்போக, எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று ஒரு முடிவு வரும். கையெழுத்து முறையில் பங்கேற்பு சரிகிறது, ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளே அதிகம் விடுபடுகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் பல காலமாகவே சொல்லி வருகிறார்கள்.

இரண்டாவது முறையில் பங்கேற்பு கூடும். ஆனால் அது நேர்மையாக இருக்க வேண்டுமானால் தகவல் உண்மையிலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, திங்கள் காலை முதல் பீரியடில் சர்வே வைத்துவிட்டு, “யாரும் மறுக்கவில்லையே” என்று சொல்வது சம்மதம் வாங்கியதாகாது.

இது நீதிமன்றம் வரை போன விஷயம். 1999இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ரிட்ஜ்வுட் என்ற ஊரின் பள்ளிகளில் ஒரு சர்வே நடந்தது. போதைப்பழக்கம், உடலுறவு, தற்கொலை எண்ணம், பெற்றோரோடு உறவு என்று எல்லாமே அதில் இருந்தது. விருப்பமிருந்தால் எழுதலாம், பெயர் வேண்டாம் என்றது பள்ளி நிர்வாகம். நடந்தது அப்படி இல்லை, பிள்ளைகளை எழுத வைத்தார்கள் என்று சில பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசியல் சட்ட உரிமை எதுவும் மீறப்படவில்லை என்று நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முன்பே, 2002இல், மாநிலச் சட்டமன்றம் இப்படிப்பட்ட சர்வேக்களுக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டது. வழக்கில் வென்ற பள்ளி நிர்வாகம் பெற்றோரின் நம்பிக்கையை இழந்திருந்தது என்பதுதான் அதன் பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் 1978 முதல் ஒரு கூட்டாட்சிச் சட்டமும் இருக்கிறது. அரசியல் சார்பு, மனநலச் சிக்கல், பாலியல் நடத்தை, சட்டவிரோதச் செயல், குடும்பத்தினரைப் பற்றிய விமர்சனம், மருத்துவர் வழக்கறிஞர் போன்றோரிடம் பேசியவை, மதம், வருமானம் என்று எட்டு விஷயங்களை அது தனியே குறித்துவைத்திருக்கிறது. கூட்டாட்சிக் கல்வித் துறையின் பணத்தில் நடந்து, மாணவர் கட்டாயம் எழுத வேண்டிய சர்வே இவற்றைத் தொட்டால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மற்றவற்றுக்கு முன்கூட்டியே அறிவித்து, விலகும் வாய்ப்பாவது தர வேண்டும். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தனிநபர் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. எந்த நாடானாலும் அந்த எட்டு விஷயப் பட்டியல் பெற்றோருக்கு உதவும். கேள்வித்தாளை வாங்கி, அதில் எத்தனை வருகிறது என்று பார்க்கலாம்.

கேள்வித்தாளை வாங்கி என்றேன். ஆம், முன்கூட்டியே பார்க்கக் கேட்பதில் தவறே இல்லை. மறைக்கிறார்கள் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். தேர்வு வினாத்தாள் இல்லையே, கசிந்துவிடும் என்று பயப்பட.

பிள்ளையின் சம்மதமும் ஒன்று உண்டு. 1989இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையை 12ஆவது பிரிவிலும், அந்தரங்கத்துக்கான உரிமையை 16ஆவது பிரிவிலும் குழந்தைக்குக் கொடுக்கிறது. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக 15 வயதுப் பெண் தன் மாதவிடாயைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. எழுத விரும்பாதவர் அமைதியாக வேறு ஏதாவது படித்துக்கொண்டிருக்கலாம் என்ற ஏற்பாடு வகுப்பில் இருக்க வேண்டும். வராண்டாவில் தனியே நிறுத்தினால் அது தண்டனை.

கேட்பதாலேயே தோன்றிவிடுமா?

பெற்றோரின் மிகப் பெரிய பயம் இது. தற்கொலை பற்றிக் கேட்டால், இதுவரை அதை நினைக்காத பிள்ளையும் நினைத்துவிடாதா? பயம் இயல்பானது. அதைக் கேலி செய்யும் தொனியில் பதில் சொல்லும் நிபுணர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவின் முதல் கேள்வித்தாளில் தற்கொலை குறித்த கேள்விகள் இருந்தன, மற்றதில் இல்லை. கேள்வித்தாளை முடித்ததும் ஒரு முறை, இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை, இரண்டு குழுவின் மனநிலையையும் அளந்தார்கள். கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலும் கூடவில்லை, தற்கொலை எண்ணமும் கூடவில்லை. மனச்சோர்வு இருந்தவர்களும் முன்பு முயன்றவர்களும் கேட்கப்பட்டதால் மேலும் மோசமாகவில்லை. 2005இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு வந்தவையும் பொதுவாக இதே திசையில்தான் இருக்கின்றன.

இதை அறிவிப்பில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால் அந்த இடத்தை வாட்ஸ்அப் குழு நிரப்பும். அதே சமயம், எப்படிக் கேட்டாலும் சரி என்று இதற்கு அர்த்தமில்லை. சோதிக்கப்பட்ட வாசகங்களைச் சோதிக்கப்பட்ட முறையில் கேட்டதற்குத்தான் இந்த முடிவு. பள்ளி தன் போக்கில் எழுதிய, செய்யும் முறையைப் பற்றி விவரமாகக் கேட்கும் கேள்விக்கு இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க முடியாது. எந்தக் கேள்வித்தாளாக இருந்தாலும் கடைசியில் உதவி எண் இருக்க வேண்டும். அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்கட்டும் என்று விட்டால், வாங்குகிறவர் யார் என்று மொத்த வகுப்பும் பார்க்கும்.

வீட்டுக்கு வர வேண்டிய கடிதம்

அந்த இரண்டு வரிச் சுற்றறிக்கைக்குப் பதில் என்ன அனுப்பலாம்? ஒரு பக்கம் போதும். சட்ட மொழி வேண்டாம். இப்படி இருக்கலாம்:

“வரும் 14ஆம் தேதி மூன்றாம் பீரியடில் 8, 9ஆம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் தருகிறோம். உறக்கம், உணவு, நண்பர்கள், கேலி, மிரட்டல், மனநிலை பற்றி 40 கேள்விகள். தன்னையே துன்புறுத்திக்கொள்வது பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. பெயரோ ரோல் நம்பரோ எழுத வேண்டியதில்லை. தாள்களை வகுப்பாசிரியர் பார்க்க மாட்டார். பெயர் இல்லாததால், உங்கள் பிள்ளை எழுதியதை வைத்து எங்களால் உங்களைத் தொடர்புகொள்ள முடியாது. பிள்ளையைப் பற்றிக் கவலை இருந்தால் பள்ளி ஆலோசகரை நேரடியாக அழைக்கலாம். கேள்வித்தாளின் பிரதி அலுவலகத்தில் இருக்கிறது; வந்து பார்க்கலாம். பங்கேற்பு வேண்டாம் என்றால் 12ஆம் தேதிக்குள் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், காரணம் சொல்ல வேண்டாம். பங்கேற்காததால் மதிப்பெண்ணுக்கோ வேறு எதற்கோ பாதிப்பில்லை. தாள்கள் ஆறு மாதத்தில் அழிக்கப்படும். முடிவுகளை அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் சொல்வோம்.”

இதில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் வேறு மொழி பேசும் குடும்பங்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும், படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் அனுப்பினால் நல்லது. கடைசி வாரத்தில் நினைவூட்டல் ஒன்றும் வேண்டும். கடிதத்துக்கும் சர்வேக்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரமாவது இருந்தால்தான் யோசிக்கவும் கேட்கவும் பெற்றோருக்கு நேரம் கிடைக்கும்.

பெற்றோர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது, அதுவும் சர்வே நடந்த அன்று மாலை. “என்ன கேட்டாங்க? நீ என்ன எழுதின?” முதல் கேள்வி பரவாயில்லை. இரண்டாவது வேண்டாம். பெயரில்லாமல் எழுதலாம் என்று சொல்லி எழுத வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பதிலைக் கேட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை எல்லாவற்றுக்கும் நடுக் கட்டத்தில் டிக் செய்துவிட்டு வரும். “அந்தக் கேள்வியெல்லாம் படிக்க எப்படி இருந்தது?” என்று விட்டுவிட்டால், பேச வேண்டும் என்று நினைக்கும் பிள்ளை பேசும். முந்தின இரவே “வீட்டு விஷயத்தையெல்லாம் எழுதிவைக்காதே” என்று சொல்லி அனுப்புவதும் இதே ரகம்தான். அதைக் கேட்ட பிள்ளைக்குப் புரிவது, வீட்டில் மறைக்க ஏதோ இருக்கிறது என்பதுதான்.

முடிவுகள் விஷயத்தில்தான் பள்ளிகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. சர்வே எடுத்ததோடு சரி; அறிக்கை நிர்வாகத்தின் அலமாரியில் தூங்கும். நார்வேயில் 2010 முதல் பள்ளி மாணவர்களிடையே நடக்கும் ‘உங்டாட்டா’ சர்வேயின் முடிவுகளை உள்ளாட்சி வாரியாகவே பொதுவில் வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் பகுதிக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஒரு பள்ளிக்கு அவ்வளவு தேவையில்லை. எத்தனை பேர் எழுதினார்கள், கவலை தரும் மூன்று விஷயங்கள் என்ன, அதில் எதை இந்த ஆண்டு மாற்றப்போகிறோம் என்று கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினால் போதும். மாணவர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும், எழுதியவர்கள் அவர்கள்தானே. கழிப்பறையில்தான் மிரட்டல் நடக்கிறது என்று பாதிப் பேர் எழுதியிருந்தால், அடுத்த மாதமே அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும். ஒன்றும் மாறவில்லை என்றால், அடுத்த ஆண்டு சுற்றறிக்கை வரும்போது பெற்றோர் கேட்க வேண்டியது: “போன வருட சர்வே என்ன ஆச்சு?”